குடை மாமாவுக்கு ஒரு கோடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் பதிலின்றி என் மேசைமேல் கிடக்கின்றன. அதற்காக நீ எவ்வளவு திட்டினாலும் தகும், நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக் கட்சி. இன்று எழுத வேண்டிய செய்தி வேறு: நம் சமுதாயக் கூடத்தை மூன்று மாதத்தில் மூடப்போவதாக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்.

காரணம், ‘போதிய பயன்பாடு இல்லை’ என்பதாம். மாலையில் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்று நாளிதழ் படித்துவிட்டு வருகிற எனக்கு அது விளங்கவில்லை. அலுவலக அறைக்குச் சென்று பதிவேட்டைக் காட்டும்படி கேட்டேன். தேதி, அமைப்பின் பெயர், எத்தனை மணி நேரம், கட்டிய வாடகை, கையொப்பம், அவ்வளவுதான். வாடகை கட்டுகிறவர்கள் மட்டுமே அதில் மனிதர்கள். வீட்டுப்பாடம் எழுத வரும் பிள்ளைகள், மனு எழுதித் தர யாரேனும் இருப்பார்களா என்று தேடி வருகிறவர்கள், ஜன்னலோரப் பலகையை விட்டு நகராத நம் குடை மாமா என ஒருவரும் அந்தப் பதிவேட்டின்படி இதுவரை உள்ளே நுழைந்ததே இல்லை.

ஆகவே நானே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் வாசலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டேன். கணக்கில் நான் எப்பேர்ப்பட்ட புலி என்பது உனக்குத் தெரியும். அதனால் ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுக்கும் பள்ளிக்கூட முறையையே கையாண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் மட்டும் 42 கோடுகள். அதே தேதிக்குரிய பதிவேட்டுப் பக்கம் வெறுமையாக இருந்தது. குடை மாமா மூன்று முறை வெளியே போய்வந்து மூன்று கோடு வாங்கப் பார்த்தார், ஒன்றுதான் போட்டேன்.

வாடகை வருமானம் குறைந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாடியில் முதலில் ஒழுகியது ஒரே ஒரு மூலை. அதை அப்போதே பூசாமல் மாடியைப் பூட்டினார்கள். பூட்டியதால் பாட்டு வகுப்பும் தையல் வகுப்பும் வெளியேறின. அவை போனதால் வாடகை நின்றது. வாடகை நின்றதால் கூரையைப் பூசப் பணமில்லை என்கிறார்கள்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படித்ததில் தூக்கம் போனதுதான் மிச்சம். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் தொடங்கிய ஹல் ஹவுஸ், இத்தகைய கூடங்களுக்கெல்லாம் மூத்தவற்றுள் ஒன்று. ஆடம்ஸுக்கு 1931இல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. அந்தப் பெயரைத் தாங்கி வந்த சங்கம், அரசு நிதியையே பெரிதும் நம்பியிருந்து, 2012 ஜனவரியில் பணமின்றி மூடப்பட்டது. நோபல் பரிசே துணைக்கு வராதபோது நாம் கேரம் ஆடிய கதைகளைச் சொல்லி யாரை இளக வைப்பது? இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமூக மதிப்புள்ள சொத்து என்று பட்டியலில் சேர்க்கப்பட்ட கட்டடத்தை உரிமையாளர் விற்க முற்பட்டால், அப்பகுதி மக்கள் குழு கோரினால், பணம் திரட்ட ஆறு மாதம் வரை விற்பனை தள்ளிவைக்கப்படும். அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை; என்றாலும் அவகாசம் கிடைக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

இருப்பது உன் இரும்புப் பெட்டி. நீ செயலாளராக இருந்தபோது நிலத்தின் தானப் பத்திரத்தை நகல் எடுத்து வைத்தாய். ‘பொதுமக்கள் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வாசகம் அதில் இருந்ததாக எனக்கு நினைவு, உனக்கும் அப்படித்தானா? அலுவலகத்தில் கேட்டால் மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நகலைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பு. அடுத்த மாதக் கூட்டத்தில் என் கோட்டு நோட்டோடு சேர்த்து அதையும் மேசைமேல் வைக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது, கூடத்துக்குச் சொந்தமான அந்த ஸ்டிரைக்கரும் அகப்படும். அதையும் வைத்து அனுப்பு. முப்பது ஆண்டுகளாக நீ இல்லை என்று சத்தியம் செய்வது போதும்.

என்றும் உன்,
வாசல் கணக்கன்