எண்பது சொல்லுக்குள் ஒரு மனிதர்

அன்புள்ள மகளுக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகள் மோஹாக் பூர்வகுடித் தலைவர் ஜோசப் பிராண்டுக்கு ஒரு நினைவுப் பலகை எழுதுகிறார்கள், எண்பது சொல்லைத் தாண்டக் கூடாது என்றாயே, அன்று பிடித்தது எனக்கு வேலை. இத்தனை வருடம் கனடாவில், இந்தப் பிராண்ட்ஃபர்டில் குடியிருந்தும் ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிராண்ட் கிராண்ட் ஆற்றைக் கடந்த துறையாம், அவ்வளவுதான்.

விக்டோரியா பூங்காவில் 1886இல் வைத்த சிலையை அப்பாவோடு போய்ப் பார்த்தேன். பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலம். கம்பீரமாகத்தான் நிற்கிறார். ஆனால் எனக்கு மனதில் நின்றது மோஹாக் தேவாலயம். 1785இல் கட்டிய சின்ன வெள்ளை மரக்கோயில், பக்கத்தில் அவருடைய கல்லறை. 1807இல் அவர் இறந்தது பர்லிங்டனில். 1850இல் ‘ஆறு தேசங்கள்’ (மோஹாக்கியரும் சேர்ந்த ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டு) இளைஞர்கள் அவருடைய எச்சங்களைத் தோள் மாற்றித் தோள் மாற்றி 34 மைல் சுமந்து இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். காரில் போகும்போதே அப்பா நடுவில் தேநீருக்கு நிறுத்துகிற தூரம்! சிலையைவிட அந்தத் தோள்கள்தான் பலகையில் வரவேண்டும் என்பேன்.

அடுத்தது காணி விஷயம். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டனை நம்பிப் போரிட்டு மோஹாக்கியர் சொந்த மண்ணை இழந்தார்கள். அந்தப் போரை முடித்த 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுவருடம் அக்டோபர் 25ஆம் திகதி பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு ஆறு மைல், முகத்துவாரம் முதல் ஊற்று வரை என்று எழுதிக் கொடுத்தார். ஏறக்குறைய 950,000 ஏக்கர். இன்று அவர்கள் கையில் இருப்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பிராண்டே பெரும் பகுதிகளை விற்கவும் குத்தகைக்கு விடவும் முன்னின்றார். அவருடைய மக்களிலேயே அதை எதிர்த்தவர்கள் உண்டு. அவர் செய்தது சரியா பிழையா என்று சொல்ல நான் யார்? நாங்கள் வீடு வாங்கிய காணியும் அந்தப் பன்னிரண்டு மைலுக்குள்தான் கிடக்கிறது. காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். அதில் 1784 பற்றி ஒன்றும் இல்லை.

இன்னொன்று. சோபியா பூலி என்ற கறுப்பினப் பெண்ணைச் சிறுமியாக இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து திருடிக்கொண்டுபோய் பிராண்டிடம் விற்றிருக்கிறார்கள். தொண்ணூறு வயது தாண்டியபின் 1855இல் அவரே சொன்ன கதை இது. பிராண்டின் மனைவி கத்தியால் கீறிய தழும்பு கண்ணுக்கு மேலே இருந்ததாம். பிராண்ட் வந்து மனைவியைக் கடிந்தாராம். ஆனாலும் பிறகு நூறு டாலருக்கு இன்னொருவருக்கு விற்றுவிட்டார். இதை வாசித்த இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. பிள்ளைகளுக்கு இது கனமாக இருக்கும் என்று நீ யோசிப்பாய். சோபியாவும் அப்போது பிள்ளைதானே?

பெயரையும் முதலில் அவர்கள் மொழியிலேயே போடச் சொல்லு: தாயெண்டனெகேயா. இரண்டு கோல்களைச் சேர்த்துக் கட்டியது என்று பொருள் சொல்கிறார்கள்.

நானும் எழுதிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டுச் சொல் வந்துவிட்டது. சோபியாவை வெட்டினால் சரியாக எண்பது வருகிறது; வெட்ட மனம் வரவில்லை. உன் பிள்ளைகள் எதை வெட்டினார்கள் என்று கட்டாயம் எழுது.

படங்களை அப்பா அனுப்புவார். நான் எடுத்தவற்றில் பிராண்டைவிட என் விரல்தான் பெரிதாக விழுந்திருக்கிறது.

அன்புடன்,
அம்மா