விருது வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் ஓர் இளைஞர் மூன்று ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்துவருகிறார். பிழைப்புக்குக் கல்யாண வீடியோ. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான் சொந்தப் படத்துக்காகக் கேமராவைத் தூக்குவார். ஆடியில் அளத்தில் வேலை மும்முரமாக நடக்கும். மார்கழியில் மழைத்தண்ணீர் நின்று பாத்திகளே தெரியாது, கூலியும் கிடையாது. இரண்டையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

சென்ற மாதம் எனக்குச் சில காட்சிகளைப் போட்டுக் காட்டினார். விடியும் முன்பே ஓர் அம்மா பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார். வெயில் ஏறியதும் உப்பின் வெண்மை கண்ணைக் கூசுகிறது, நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொள்கிறார். வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்து, கிழிந்த சாக்ஸை மெல்ல உரித்தெடுக்கிறார். குதிகால் முழுக்க வெடிப்பு. ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வருடமாக அந்த அளங்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனவள் நான். அந்தக் கால்களை அன்றுதான் பார்த்தேன்.

எடுத்ததெல்லாம் இப்போது ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. எடிட்டிங்குக்கும் ஒலிச் சேர்ப்புக்கும் பணம் இல்லை. எடுக்கும்போது நண்பர்கள் கைகொடுக்கிறார்கள். எடுத்ததைப் படமாக்கும் கட்டத்தில்தான் இவரைப் போன்றவர்கள் தனியாக நின்றுபோகிறார்கள்.

மதுரைப் பக்கத்துக் கரட்டு வெயிலில் எடுத்த ‘கூழாங்கல்’ படத்தை, 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய பிறகுதானே நம்மில் பலரும் கேள்விப்பட்டோம்? உருவாகும்போதே அதைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்திருக்கும்? பக்கத்துக் கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே பெண் இயக்குநர்களின் படங்களுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுத்துத் தயாரிக்கிறது. ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே திருவனந்தபுரத்தில் அரசு தனி விழா நடத்துகிறது. அந்த மண்ணில்தான் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். இதே ஜான்தான் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ தந்தவர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

தமிழக அரசும், முடியும் தறுவாயில் நிற்கும் ஆவணப்படங்களுக்கென்று ஒரு நிதி ஒதுக்க வேண்டும். மாவட்ட நூலகங்களின் கூட்ட அரங்குகளை மாதம் ஒரு மாலை இவர்களுக்குத் திறந்துவிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. தங்கள் சினிமாப் பக்கத்திலும் வாரம் கால் பக்கம், வெளிவந்த படங்களுக்கு அல்ல, உருவாகிக்கொண்டிருக்கும் படங்களுக்கு ஒதுக்குங்கள். அதைப் படித்து உதவ முன்வருபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

அடுத்த ஆடிக்குள் முடித்துவிட நினைக்கிறார் அந்த இளைஞர். முதல் திரையிடல் அளத்துக்குப் பக்கத்திலேயே, அந்த அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்துத்தான் என்கிறார். அதற்கு முன்பே தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி.