மனிதவளத் துறைக்கு, எல்லாவற்றுக்கும் 4 போட்டவன் எழுதுவது

மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். ‘நம் பணிச்சூழல் எப்படி இருக்கிறது?’ சர்வே லிங்க் போன வாரம் வந்தது. பின்னாலேயே மூன்று நினைவூட்டல்கள். நானும் நிரப்பி அனுப்பிவிட்டேன். 40 கேள்விகளுக்கு நாலு நிமிடம். எல்லாவற்றுக்கும் 4, அதாவது ‘ஒப்புக்கொள்கிறேன்’. சந்தேகம் வரக்கூடாதே என்று நடுவில் இரண்டு 3, ஒரு 5.

ஏன் என்று சொல்கிறேன். சர்வேயில் பெயர் கேட்பதில்லை, சரி. ஆனால் துறை, வயது, எத்தனை ஆண்டு அனுபவம் எல்லாம் கேட்கிறீர்கள். எங்கள் டீமில் ஆறு பேர். பத்து ஆண்டுக்கு மேல் இருப்பவன் நான் ஒருவன்தான். அப்புறம் பெயர் எதற்கு? குறைந்தது ஐந்து பேர், சில இடங்களில் பத்துப் பேர், பதில் சொன்னால்தான் ஒரு குழுவின் முடிவைத் தனியாகக் காட்டுவது என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தால் முதல் கேள்விக்கு மேலேயே எழுதிப் போடுங்கள்.

இந்த ஐந்து படி அளவுகோலை ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் முன்வைத்தார். அதில் குறையில்லை, நாம் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. ‘என் மேலாளர் நியாயமானவர், கருத்துகளைக் காது கொடுத்துக் கேட்பவர்.’ நியாயமானவர்தான், ஆனால் காது கொடுக்க மாட்டார் என்றால் நான் எதை அமுக்குவது? கடைசியில் சராசரி வேறு. பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 போட்டாலும் 3. எல்லோரும் 3 போட்டாலும் 3. முதல் டீமில் சண்டை நடக்கிறது, அடுத்ததில் தூங்குகிறார்கள். உங்கள் ஸ்லைடில் இரண்டும் ஒரே நிறம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். பதிவான பிழைகளோ நல்ல டீம்களில்தான் அதிகம். அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை என்பது அவர் கண்ட விளக்கம். மார்க் இறங்கினால் பதறும் நீங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இங்கே நடந்தது தலைகீழ். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு டீம் மனம்விட்டு எழுதியது, மார்க் சரிந்தது. “யார் இப்படிப் போட்டது?” என்று மேலாளர் கூட்டம் போட்டுக் கேட்டார். அடுத்த ஆண்டு அதே டீமின் மார்க் எகிறியது. நீங்கள் அதை ‘முன்னேற்றம்’ என்று அறிவித்தீர்கள், அவருக்கு போனஸும் வந்தது. அந்த டீமில் இரண்டு பேர் ராஜினாமா செய்திருந்தார்கள். வேலையை விட்டவர்களுக்கு சர்வே லிங்க் போவதில்லை அல்லவா?

போனஸையும் சர்வே மார்க்கையும் பிரித்துவிடுங்கள். மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம்.

இன்னொன்று. ஷிப்ட் அட்டவணையை ஒரு வாரம் முன்பே தரச் சொல்லிப் போன முறை கருத்துப் பெட்டியில் எங்களில் பலர் எழுதியிருந்தோம். முடியாது என்றால் முடியாது, காரணம் இது என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அது வந்தபின் லிங்க் வரட்டும். நாலு நிமிடத்தில் முடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்