ராத்திரி ஷிப்ட் ஒன்று போடுங்கள்: டயாலிசிஸ் நேரத்தை முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

உங்கள் பதவி என்ன, எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அரசு மருத்துவமனை டயாலிசிஸ் வார்டு காலை 7 மணிக்குத் திறந்து சாயங்காலம் நாலரைக்கு மூடட்டும் என்று யாரோ ஒருவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார் இல்லையா, அவருக்குத்தான் இந்த மடல். படுத்துக்கொண்டுதான் டைப் அடிக்கிறேன். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் போன். மணி 12.50. மெஷினில் இன்னும் 3 மணி 20 நிமிடம் காட்டுகிறது, அதனால் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எனக்கு 33 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் டெய்லர். மகள் ஒன்றாம் வகுப்பு. அவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது எனக்குப் பிரஷர் ஏறியது. பிரசவம் ஆனால் இறங்கிவிடும் என்றார்கள், இறங்கவில்லை, கைக்குழந்தையோடு இருந்த எனக்கும் அதை மறுபடி பார்க்கத் தோன்றவில்லை. கால் வீங்கியபோதுகூட, நாள் முழுக்க டேபிள் முன்னால் நின்றுகொண்டே பீஸ் பார்க்கிற வேலைதானே, அதனால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கடைசியில் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ரத்தத்தில் கிரியேட்டினின் 11, அதாவது சிறுநீரகம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. அதிலிருந்து டயாலிசிஸ்தான்.

பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் ஓடுகிறது. பெயர் வேண்டாம், அங்கே இருக்கிற யார் மேலும் எனக்குக் குறை இல்லை. பணமும் நான் கேட்கவில்லை. 2016 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார்கள், மாநில அரசின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது, இதெல்லாம் இல்லாவிட்டால் நான் இந்த மடலை எழுத உயிரோடு இருந்திருக்க மாட்டேன், அது நன்றாகத் தெரியும். நான் கேட்பது நேரம்.

செவ்வாய், வியாழன், சனி. மதியம் 12 மணி ஷிப்ட். நாலு மணி நேரம்தானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். பத்தரைக்குப் பஸ் ஏற வேண்டும் (டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதற்கு ஒரு நன்றி). எடை பார்த்து, பிரஷர் பார்த்து, காலை ஷிப்ட் ஆட்கள் இறங்கி, மெஷினைக் கழுவி, ரத்தத்தை வடிகட்டுகிற டயாலைசரை மாட்டி, ஊசி குத்தி ஆரம்பிப்பதற்குள் 12.10 ஆகிவிடும். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தை இருபது நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், ரத்தம் நிற்காத நாளில் அரை மணி. வீடு வந்து சேர ஆறு, ஆறரை. கம்பெனியில் எட்டரைக்கு ஷிப்ட், அரை ஷிப்ட் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றால் பன்னிரண்டரைக்குத்தான் விடுவார்கள். சரி, காலை ஷிப்டுக்கு மாறலாமே என்றால் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும், மதியம் திரும்பி வரும்போது துணி பிழிந்த மாதிரி இருக்கும் உடம்பு, அதை வைத்துக்கொண்டு யார் டேபிள் முன்னால் நிற்பது. எப்படிக் கணக்குப் போட்டாலும் வாரத்தில் மூன்று நாள் போச்சு. ஒரு ஷிப்டுக்கு 450 ரூபாய். அதிலும் சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு வராதவர்கள் திங்கட்கிழமை போய்க் கேட்டு வாங்க வேண்டும். சூப்பர்வைசர் அண்ணன் நல்லவர், இரண்டு வருடமாகச் சமாளிக்கிறார், ஆனால் ஷிப்மெண்ட் வாரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

வேலை போனால் இன்னொரு வேலை என்றுகூட வைத்துக்கொள்ளலாம். மகள் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை.

அவள் இந்த நாட்களுக்கு வைத்திருக்கும் பெயர் ஊசி நாள். பள்ளிக்கூடம் விட்டு நாலேகாலுக்கு வந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் பையோடு உட்கார்ந்திருப்பாள். நான் தெரு முனையில் திரும்பும்போது ஓடி வந்து, காலைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு நொடி நின்று, "இன்னிக்கு ஊசி நாளாம்மா?" என்று என் இடது கையைப் பார்ப்பாள். பிளாஸ்திரி இருந்தால் தூக்கச் சொல்ல மாட்டாள். ஆறு வயதுக் குழந்தை, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே பழகிக்கொண்டது. ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த கையில், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை. மற்ற நாட்களில் படுக்கும்போது என் மணிக்கட்டில் காதை வைத்துக்கொள்வாள். சிரையும் தமனியும் இணைத்த இடத்தில் ரத்தம் விர்ரென்று ஓடும், தொட்டால் அதிரும். "அம்மா கைக்குள்ள நிட்டிங் மெஷின் ஓடுது" என்று அவள்தான் முதலில் சொன்னாள், இப்போது லைன் வீட்டில் எல்லாக் குழந்தைகளும் வந்து காது வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நிட்டிங் மெஷின் என்றதும் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் அந்த மெஷின் ராத்திரி நிற்பதில்லை. எதிர் வீட்டு அண்ணன் எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் வருகிறார். பல லட்சம் போட்டு வாங்கிய மெஷினை எந்த முதலாளியாவது சாயங்காலம் நாலரைக்குத் துணி போட்டு மூடுவாரா? பனியன் துணிக்கு ராத்திரி ஆள் கிடைக்கிறது. எங்கள் வார்டில் வரிசையாக மெஷின்கள், பின்னால் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. பிளாண்ட், எல்லாம் நாலரைக்கு மேல் மறுநாள் காலை வரைக்கும் சும்மா நிற்கின்றன.

அதுவும் ராத்திரி அங்கே டயாலிசிஸ் நடக்கவே நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீர் நின்றுபோன கேஸ் வந்தால் ஒரு மணிக்கும் டெக்னீஷியனை போன் போட்டு எழுப்பி மெஷினை ஓட்டுகிறார்கள். அதே கட்டடத்தில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது, டியூட்டி டாக்டர் இருக்கிறார், பிரஷர் சரிந்தால் மாடி ஏறி வந்துவிடலாம். ஆள் இல்லை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். இருக்கிற டெக்னீஷியன் தம்பிகளையே ராத்திரியும் இருக்கச் சொன்னால் நானே எதிர்த்துக் கேட்பேன், ஒப்பந்தச் சம்பளத்தில் அவர்கள் இப்போதே இரண்டு ஆள் வேலை பார்க்கிறார்கள். புதிதாக ஆள் போடுங்கள். டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களை எனக்கே தெரியும், எங்கள் கம்பெனி பில்லிங் செக்‌ஷனில் ஒரு பெண் இருக்கிறாள்.

ராத்திரி செய்வது உடம்புக்கும் நல்லது என்பதைப் படுத்தபடியே போனில் படித்துத் தெரிந்துகொண்டேன் (வாரம் 12 மணி நேரம் கிடைக்கிறதே). நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர் நீரை உறிஞ்சி எடுத்தால் பிரஷர் சரியும், கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், வீட்டுக்கு வந்து விழுந்தால் எழுந்திருக்க முடியாது. அதே நீரை எட்டு மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் இதயத்துக்கு அவ்வளவு அடி இல்லை, ரத்தத்தில் சேர்ந்துவிடுகிற பாஸ்பரசும் நன்றாக இறங்குகிறது. பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் தாசான் என்ற ஊரில் எட்டு மணி நேர டயாலிசிஸைப் பல பத்தாண்டுகளாகச் செய்து பெயர் வாங்கியிருக்கிறார்கள். தூங்கிக்கொண்டே சுத்தம் செய்துகொண்டு காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது, வேறென்ன சொல்ல.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளலாமே, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்பீர்கள். நல்ல திட்டம், சொந்த வீடு இருக்கிறவர்களுக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை இரண்டு லிட்டர் பையை வயிற்றில் ஏற்றி இறக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கை கழுவி, கதவு ஜன்னல் மூடி, ஃபேன் நிறுத்தி, துளி அழுக்கு படாமல். எங்களுடையது லைன் வீடு. ஒரே அறை, ஆறு குடும்பத்துக்கு இரண்டு குளியலறை, காற்றில் எப்போதும் பஞ்சு. வயிற்றில் கிருமி போனால் என்ன ஆகும் என்று டாக்டரே என்னிடம் சொல்லி, வேண்டாம் என்றார்.

மாற்றுச் சிறுநீரகம்? அம்மாவுக்கு சர்க்கரை. வீட்டுக்காரர் தருகிறேன் என்றார், ரத்த வகை சேரவில்லை. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானம் பெறுவதில் 2008 முதல் நம் மாநிலத்துக்கு நல்ல பெயர் இருக்கிறது, தானம் தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023இல் அறிவித்ததும் மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அந்தப் போன் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. யாரோ ஒரு வீட்டில் அழுகை கேட்டால்தான் என் போன் அடிக்கும் என்பதால் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் வாய் வருவதில்லை. அதுவரைக்கும் வாரம் மூன்று நாள் இந்தக் கட்டில்தான்.

இன்னொன்றும் படித்தேன். 1962இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் டயாலிசிஸ் மெஷின் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்ததாம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு வைத்தார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, இப்படி. என்ன வேலை பார்க்கிறார், எத்தனை குழந்தைகள் என்றெல்லாம் பார்த்துத்தான் இவருக்கு உண்டு, இவருக்கு இல்லை என்று சொன்னார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது, அப்படி ஒரு குழு இனி எங்கும் வேண்டாம். ஆனால் படித்தபோது ஒன்று தோன்றியது. அந்த ஏழு பேர் குழந்தை இருக்கிறதா என்றாவது கேட்டார்கள். எனக்கு ஷிப்ட் ஒதுக்கிய அன்று யாரும் கேட்கவில்லை. பெயர், வயது, ரத்த வகை, மஞ்சள் காமாலைப் பரிசோதனை, அவ்வளவுதான். மதிய ஷிப்டில் இடம் காலி, வந்தேன்.

போன பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா, வியாழக்கிழமை மூன்று மணிக்கு. அவள் கரகாட்டத்தில் இரண்டாவது வரிசை. ஒரு நாள் காலை ஷிப்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன், அட்டவணையில் இடமில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த காலை ஷிப்ட் பெரியவர் ஒருவர், 71 வயது, "அம்மிணி, நீ காலைல படுத்துக்க, நான் மதியத்துக்கு வாறேன், எனக்கென்ன, ஊட்டுல சும்மாதான் உக்காந்திருக்கறேன்" என்றார். சொன்னபடியே வந்தார், ஐந்து மணி நேரம் தள்ளிப்போனதில் அவருக்கு அன்று மூச்சு வாங்கியது என்று பிறகு நர்ஸ் அக்கா சொன்னார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கரகாட்டம் பார்த்தேன். உங்கள் அட்டவணையை நாங்கள் இப்படித்தான் எங்களுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மூச்சைக் கொடுத்து இன்னொருவர் ஆண்டு விழா பார்க்க வேண்டியிருக்கிறது.

காலைச் சிற்றுண்டித் திட்டம் கொண்டுவந்தபோது வேலைக்குப் போகிற அம்மாக்களை யாரோ நினைத்திருக்கிறார்கள். சோறு பொங்க நேரமில்லாமல் ஓடுகிற வீட்டுப் பிள்ளை பள்ளியில் உப்புமா, கிச்சடி சாப்பிடுகிறது, என் மகளும் சாப்பிடுகிறாள். கடிகாரத்தைப் பார்த்துப் போட்ட திட்டம் அது. அந்த மாதிரிதான் இதையும் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் எல்லா ஊரிலும் வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு வார்டு, வாரம் மூன்று ராத்திரி, பத்து மணிக்கு ஆரம்பித்துக் காலை ஐந்துக்கு முடிகிற மாதிரி. வயதானவர்களையும், பிரஷர் நிலையில்லாதவர்களையும் பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யார் வருவார்கள் என்று கேட்காதீர்கள், எங்கள் வார்டில் மட்டும் நாற்பது வயதுக்குள் ஒன்பது பேர் இருக்கிறோம். ஒரு ஆட்டோக்காரத் தம்பி, பாலிடெக்னிக் படிக்கிற பையன், காய்கறிக் கடை அக்கா. கேட்டுப் பார்த்தேன், ஆறு பேர் நாளைக்கே வருகிறேன் என்றார்கள். மகளுக்குச் சோறு ஊட்டி, தூங்க வைத்துவிட்டு நான் பஸ் ஏறுவேன். வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். அவள் கண் விழிப்பதற்குள் வந்துவிடுவேன். அவளுக்கு ஊசி நாள் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம்.

ராத்திரி முடியாது, சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது வரை ஒரு ஷிப்ட் என்றாலும் சரிதான், பாதிக் கஷ்டம் குறையும்.

ஒரு நாள் வந்து பாருங்கள். காலையில் வர வேண்டாம், அப்போது எல்லாம் பளிச்சென்று இருக்கும். நாலரைக்கு மேல் வந்து, விளக்கை அணைத்த வார்டில் மெஷின்களுக்கு நீலத் துணி போட்டு மூடி வைத்திருப்பதைப் பாருங்கள்.

மணி மூன்றரை. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. வலது கெண்டைக்கால் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, டெக்னீஷியன் தம்பியைக் கூப்பிட்டு நீர் எடுப்பதைக் குறைக்கச் சொல்ல வேண்டும். போனை வைக்கிறேன்.

இப்படிக்கு,
செவ்வாய், வியாழன், சனி, மதிய ஷிப்ட், ஜன்னலோரக் கட்டில்