சர்வீஸ் மெனுவைத் திறக்கும் முன் அளவுகோலை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பழைய டியூப் தொலைக்காட்சியில் படம் நீண்டோ குறுகியோ வளைந்தோ தெரிந்தால், ரிமோட்டில் சில பொத்தான்களை வரிசையாக அழுத்தி சர்வீஸ் மெனு என்னும், பழுதுபார்ப்பவர்களுக்கான மறைவான அமைப்புப் பக்கத்துக்குள் போய் நாமே சரிசெய்துவிடலாம் என்று அதில் போட்டிருந்தீர்கள். அப்படியும் சரியாகாவிட்டால் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு யோசனையும் தவறு. முதலாவது நல்ல பெட்டியைக் கெடுக்கும். இரண்டாவது தெருவையே கெடுக்கும்.

கோவில்பட்டியில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் காலத்திலிருந்து இதே தொழில்தான். டியூப் பெட்டி இன்னும் யார் வீட்டில் இருக்கிறது என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகள் எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் ஓடுகின்றன. தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளில்தான் அவை அதிகம். அவர்களுக்கு அது ஒன்றுதான் பேச்சுத் துணை. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, விடுமுறைக்கு வந்த பேரன் ரிமோட்டைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் புகார், “அண்ணாச்சி, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் சுரைக்காய் மாதிரி நீண்டு தெரிகிறது” என்பதுதான். பெரும்பாலும் பெட்டியில் எந்தக் குறையும் இருக்காது. செட்டாப் பாக்ஸ் 16:9 என்ற அகலத் திரைக்கான படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அதை டியூப் பெட்டியின் 4:3 திரை வாங்கி முழுவதும் நிரப்பினால், எல்லாமே இருக்க வேண்டிய உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நீண்டுவிடும். செட்டாப் பாக்ஸின் அமைப்புகளில் திரை வடிவத்தை 4:3 என்று மாற்றினாலே போதும். அதில் லெட்டர்பாக்ஸ் என்பதைத் தேர்ந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், முகம் சரியாக இருக்கும். அந்தப் பட்டை ஒரு குறையே அல்ல. இது தெரியாமல் சர்வீஸ் மெனுவுக்குள் போய் உயரத்தைக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள். மழை நேரத்தில் செட்டாப் பாக்ஸ் பழுதாகி வேறொன்று மாட்டியதும், குறைத்துவைத்த உயரம் எல்லாரையும் குள்ளமாக்கிவிடுகிறது.

செட்டாப் பாக்ஸைச் சரிபார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், கருவி எதுவும் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. செய்திச் சேனலில் அடியில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகளைப் பாருங்கள். ஒரே ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அது திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போகும்வரை கண்ணால் தொடருங்கள். ‘ண’ அல்லது ‘ணை’ போன்ற அகலமான எழுத்து என்றால் நல்லது. அது ஓரத்தில் விரிந்து நடுவில் சுருங்கினால், கிடைவாட்டில் சீர் கெட்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, திரைப்படம் முடிந்து பெயர்கள் கீழிருந்து மேலே ஏறும்போது பாருங்கள். எழுத்து மேல் விளிம்பை நெருங்கும்போது உயரம் குறைந்து நசுங்கினால், குறை செங்குத்து வாட்டில் இருக்கிறது. அசையாத படத்தில் கண் ஏமாந்துவிடும். நகரும் எழுத்தில் ஏமாறாது. சோதனைப் படத்தைத் திரையில் காட்டும் பேட்டர்ன் ஜெனரேட்டர் கருவி கைவசம் இல்லாத நாட்களில் நான் இப்படித்தான் பார்த்தேன். தூர்தர்ஷன் நிகழ்ச்சி தொடங்கும் முன் காட்டிய வண்ணப் பட்டைகளும் அப்போது உதவின. எட்டுப் பட்டைகளும் ஒரே அகலம் கொண்டவை என்பதால், விளிம்பில் கொஞ்சம் மறைந்திருக்கும் ஓரத்துப் பட்டைகளை விட்டுவிட்டு நடுவில் இருப்பவற்றை அளந்தால் போதும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் அளவுகோல் போதுமானது. கணினியில் 768-க்கு 576 என்ற அளவில் ஒரு படம் உருவாக்கி, நடுவில் பெரிய வட்டமும் பின்னால் சம அளவுக் கட்டங்களும் வரைந்து, டி.வி.டி. பிளேயரிலோ செட்டாப் பாக்ஸின் யு.எஸ்.பி. வழியாகவோ திரையில் காட்டுங்கள். பெட்டி அரை மணி நேரமாவது ஓடிச் சூடான பிறகே அளக்க வேண்டும். வட்டத்தின் குறுக்களவும் நெட்டளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 14 அங்குலப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. படத்தின் விளிம்பில் ஒரு சிறு பகுதி சட்டத்துக்கு வெளியே மறைந்திருப்பது இயல்பு. பெட்டி பழையதாகும்போதும் மின்னழுத்தம் மாறும்போதும் ஓரத்தில் கறுப்பு இடைவெளி தெரியக்கூடாது என்று தயாரிப்பாளர்களே அப்படி வைத்தார்கள். அந்தக் கடைசி விரற்கடையையும் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று யாரும் அலைய வேண்டாம்.

படம் மெல்ல மெல்ல அலைபோல ஆடினால் ஸ்டெபிலைசர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியை ஒட்டி வைத்திருந்தால், அதிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் டியூபுக்குள் போகும் எலக்ட்ரான் கற்றையை இழுக்கும். நம் ஒளிபரப்பு நொடிக்கு 50 முறை திரையை வரைகிறது. மின்சாரமும் ஏறத்தாழ 50 சுழற்சிதான். இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாடுதான் அந்த மெதுவான ஆட்டம். ஸ்டெபிலைசரை இரண்டடி தள்ளி வைத்தால் நின்றுவிடும். இதற்கும் மெனுவுக்கும் சம்பந்தமே இல்லை.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் படம் கோணலாக இருந்தால் பெட்டிக்குள் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. நேற்றுவரை நேராக இருந்த கோடு இன்று வளைகிறது என்றால், மெனுவில் உள்ள எண் தானாக மாறியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு உதிரிப்பாகம் தளர்ந்திருக்கும். படத்தின் மேல்பகுதி நசுங்கி, சில கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து வெள்ளையாகத் தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் செங்குத்துப் பகுதி ஐ.சி.யின் (சிப்பின்) பக்கத்தில் இருக்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத்தான் (மின்தேக்கியைத்தான்) முதலில் சந்தேகிப்பேன். அந்த ஐ.சி.யின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடு எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டர் சூட்டில் உள்ளே உலர்ந்துவிடும். 85 டிகிரி வெப்பம் தாங்கும் வகையைக் கழற்றிவிட்டு 105 டிகிரி தாங்கும் வகையைப் போட்டால் நெடுநாள் உழைக்கும். விலை சில ரூபாய்தான்.

படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும், அல்லது பக்கவாட்டில் அப்படியும், திடீரென்று சரிவகம் போல ஆகிவிட்டால் அது யோக் சுருளின் (டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும், எலக்ட்ரான் கற்றையைத் திருப்பும் செம்புக் கம்பிச் சுருள்) ஒரு பாதியில் கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதன் அடையாளம். எண்ணை மாற்றி அதை நேராக்க முடியாது, யோக்கைத்தான் மாற்ற வேண்டும். இரு பக்கக் கோடுகளும் நடுவில் உள்நோக்கி வளைவது இன்னொரு வகை. 29 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலும் 110 டிகிரி டியூப் (கற்றை திரும்பும் முழுக் கோணம் அது) என்பதால் அந்த வளைவை நிமிர்த்தத் தனிச் சுற்று இருக்கும், மெனுவில் அதற்கான எண்ணும் இருக்கும். 14 அங்குலப் பெட்டியில் 90 டிகிரி டியூப். யோக்கைச் சுற்றும்போதே அந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டார்கள். ஆகவே அதில் இந்த எண்ணைத் தேடி மெனுவில் அலைவது வீண் வேலை.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். படத்தின் அகலம் சுருங்கிக்கொண்டே வருகிறது, கூடவே பெட்டிக்குள் சடசடவென்று சத்தமும் கேட்கிறது என்றால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிடைவாட்டுப் பகுதியில் 1600 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. அதன் மதிப்பு குறைந்தால் டியூபுக்குப் போகும் உயரழுத்தம் ஏறும், அகலம் குறையும். குறைந்த அகலத்தை மெனுவில் கூட்டி மறைத்துவிட்டால், பெட்டி ஆபத்தான அழுத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் குறிப்பை நம்பி ஒருவர் இப்படிச் செய்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

அண்மையில் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி 14 அங்குலப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேறு ஊரில் ஒருவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். திரையின் மேல்பகுதி நசுங்கியது தெரியாமல் இருக்க, அவர் மெனுவில் உயரத்தை உச்சத்துக்கு ஏற்றி, படத்தை மேலே தள்ளி, நசுங்கிய பகுதியைச் சட்டத்துக்கு வெளியே ஒளித்துவைத்திருந்தார். அடியில் ஓடும் செய்தி வரி பாதிதான் தெரிந்தது. நெற்றிகள் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. கெப்பாசிட்டரை மாற்றிப் போட்டதும் படம் மேலும் கீழும் பீறிட்டது. பழைய எண்கள் என்னவென்று யாரும் குறித்துவைக்கவில்லை. எட்டுக் கால் கொண்ட சிறிய நினைவக ஐ.சி.யில் தொழிற்சாலையில் பதித்த எண்களின் மேல் புதிய எண்கள் பதிவாகிவிட்டால், பழையவை அழிந்தே போய்விடும். கட்டத்தைத் திரையில் போட்டு, ஒவ்வொன்றாக மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பாட்டி கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, “பெட்டி பிழைக்குமா, தம்பி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிழைத்துவிட்டது.

இந்த வேலையை முறையாகச் செய்ய ஒரு வரிசை இருக்கிறது. இளைய பழுதுநீக்குநர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மின்வழங்கியின் முதன்மை அழுத்தத்தை அளக்க வேண்டும். சர்க்யூட் பலகையிலேயே அச்சிட்டிருப்பார்கள், 110 அல்லது 115 வோல்ட் என்பது போல. அது குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கும், அதைத் திருத்தாமல் வேறெதையும் தொடக்கூடாது. பிறகு மெனுவைத் திறந்து, எதையும் மாற்றும் முன் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிலிப்ஸ் ஐ.சி. உள்ள பல பெட்டிகளில் திரையின் கீழ்ப்பாதியை இருட்டாக்கும் வசதி இருக்கிறது. இருட்டு தொடங்கும் விளிம்பு, சோதனைப் படத்தின் நடுக்கோட்டில் சரியாக விழும்படி வெர்ட்டிகல் ஸ்லோப் என்ற செங்குத்துச் சரிவு எண்ணை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்து நடுக்கோட்டைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் உயரம். அதற்கும் பிறகு, மேலும் கீழும் நடுவும் உள்ள கட்டங்கள் ஒரே அளவாகும்படி எஸ் கரெக்‌ஷன். உயரத்தை முதலில் தொட்டால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும்.

மெனு இல்லாத பழைய பெட்டிகளில் இதே வேலையைப் பலகையிலுள்ள பிரிசெட் என்னும் சிறு திருகுகளில் செய்வோம். பின்பக்கமிருந்து திருகும்போது திரை தெரியாது என்பதால் எதிரே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொள்வோம். என் கடையில் முடிதிருத்தகத்திலிருந்து வாங்கிய கண்ணாடி இன்றும் இருக்கிறது. திருகுவதற்கு இரும்புத் திருப்புளி கூடாது, பிளாஸ்டிக் திருப்புளிதான். வீட்டில் இருப்பவர்கள் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம். டியூபின் உயரழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபிலும், மின்வழங்கியின் பெரிய கெப்பாசிட்டரிலும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய இரும்புக் கடை யோசனைக்கும் ஒரு சொல். டியூபின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. யோக்கில் உள்ள செம்புக் கம்பிக்காக டியூபின் கழுத்தை உடைத்துவிட்டு, கண்ணாடியை ஓடைக்கரையில் கொட்டுவதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். பழுது நீக்கவே முடியாத பெட்டி என்றால் அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் வரும் ஞாயிறு இணைப்பில், அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டும். ரிமோட் பொத்தான் வரிசையை மறுபடி அச்சிட வேண்டாம். செட்டாப் பாக்ஸில் 4:3 என்று மாற்றும் வழியை அந்த இடத்தில் போடுங்கள். வாசகர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றே போதும்.

இப்படிக்கு,
தொலைக்காட்சிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
கோவில்பட்டி