வளைந்த தரை

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் கிடைத்தது. பெரியவளுக்குக் கோவையில் சீட் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரை மறுபடி அவரே படிக்கிறார்.

கிராஃபிக்ஸ் கார்டை நம்பாமல் ஒவ்வொரு பிக்சலையும் நீயே நிரப்பும் ரெண்டரர், அதாவது 3டி காட்சியைத் திரையில் வரையும் நிரல், எழுதுகிறாய் என்று படித்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் போட்ட தரை, அதை ஆக்கும் இரண்டு முக்கோணங்களும் சேரும் மூலைவிட்டத்தில் முறிந்து திரும்புகிறது. டெக்ஸ்சரில், அதாவது தரைமேல் ஒட்டும் படத்தில், எந்த இடம் என்று சொல்லும் உன் யு, வி எண்கள் சரிதான். நான்கு மூலைகளிலும் அது ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. கோளாறு, இடையில் நிரப்பும் கணக்கில்.

ஒரு கோட்டை எடுத்துக்கொள். ஒரு முனை கேமராவிலிருந்து 1 அலகு ஆழத்தில், மறுமுனை 3 அலகு ஆழத்தில். யு கிட்ட முனையில் 0, தூர முனையில் 1. திரையில் அந்தக் கோட்டின் நட்டநடுவில் யு எவ்வளவு? உன் நிரல் 0.5 என்கிறது. உண்மையில் 0.25தான். கிட்டே இருக்கும் கால்பங்கு மட்டுமே திரையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்ச முக்கால்பங்கு அடுத்த பாதிக்குள் நெருங்கி அடங்குகிறது.

யு திரையில் சீராக மாறாது. ஆனால் யுவை ஆழத்தால் வகுத்தால் வருவது சீராக மாறும். வியும் அப்படியே, 1-ஐ ஆழத்தால் வகுத்ததும் அப்படியே. இந்த மூன்றையும் மூலைகளில் கணக்கிட்டு இடையில் நிரப்பு. அப்புறம் ஒவ்வொரு பிக்சலிலும் முதல் இரண்டையும் மூன்றாவதால் வகு. அதே கோட்டில் போட்டுப் பார்: 0-க்கும் 1/3-க்கும் நடுவில் 1/6. 1-க்கும் 1/3-க்கும் நடுவில் 2/3. வகுத்தால் 1/4. ஒன்று மட்டும் கவனி. ஆழம் என்று நான் சொல்வது கேமரா பார்க்கும் திசையில் அதிலிருந்து உள்ள தூரம். எது முன்னால், எது பின்னால் என்று பார்க்க டெப்த் பஃபரில் எழுதும் எண்ணை அந்த இடத்தில் போட்டுவிடாதே.

உன் மாமா வீட்டு பிளேஸ்டேஷன் ஞாபகம் இருக்கிறதா? கார் கிட்டே போகப்போக சுவரும் ரோடும் நெளியுமே, அது இதேதான். 1994-இல் வந்த அந்தப் பெட்டியில் இந்த வகுத்தல் கிடையாது. பெரிய பாலிகானை (பலகோணத்தை) சின்னச் சின்னதாக வெட்டித்தான் கேம் எழுதியவர்கள் நெளிவைக் குறைத்தார்கள். 1993-இல் வந்த டூம் என்ற கேம் வேறு வழியில் போனது. சுவர் எல்லாம் செங்குத்து, தரை எல்லாம் மட்டம். சுவரை நெடுக்காகவும் தரையைக் குறுக்காகவும் வரைந்தால் ஒரு வரிசை முழுக்க ஆழம் ஒன்றே, பிக்சலுக்குப் பிக்சல் வகுக்க வேண்டியதில்லை. 1996-இல் வந்த குவேக் கேம் எந்தப் பக்கம் சாய்ந்த சுவரையும் காட்ட வேண்டியிருந்ததால், 16 பிக்சலுக்கு ஒருமுறை வகுத்து, நடுவில் உன்னைப் போலவே நேராக நிரப்பியது. பென்டியம் சிப் ஒரு பக்கம் வகுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் பிக்சல்களை வரைந்தார்கள். எனக்கு இன்றும் இது பிரமிப்புதான். ஒரேயொரு வகுத்தலை மிச்சம் பிடிக்க எத்தனை யோசனை!

உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்றைய மெஷினில் பிக்சலுக்கு ஒரு வகுத்தல் தாராளமாகத் தாங்கும். முதலில் சரியாக வரட்டும், வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

தரை நேரானதும், தூரத்துக் கட்டங்கள் கேமரா நகரும்போது மினுமினுக்கும். பயப்படாதே. ஒரு பிக்சலுக்குள் பல கட்டங்கள் விழுகின்றன, நீ ஒன்றைத்தான் எடுக்கிறாய். அதற்கு மிப்மேப். லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் எழுதிய வழி. டெக்ஸ்சரை நீளத்திலும் அகலத்திலும் பாதி பாதியாகச் சுருக்கிக்கொண்டே போய் எல்லா அளவுகளையும் வைத்துக்கொள்வது. மூல டெக்ஸ்சருக்கு ஆகும் மெமரியில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். எந்த அளவை எப்போது எடுப்பது என்பதைப் போனில் பேசிக்கொள்ளலாம், எழுதினால் நீளும்.

திருத்தின படத்தை அனுப்பு. பெரியவளைக் கொண்டுபோய் விட கோவைக்கு எப்போது போகிறாய் என்றும் எழுது. நானும் வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கணேசன்