வீட்டுக் காப்பீட்டில் மனையின் விலையைச் சேர்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டில் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் அரைப் பக்கம் வந்திருந்தது. டார்ச் லைட், மாத்திரை, பத்திரங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது வரை எல்லாம் இருந்தது. வீட்டுக் காப்பீடு பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னையை ஒட்டிய முடிச்சூரில் இருக்கிறது. 1,200 சதுர அடி மனை, தரைத்தளம் மட்டும். வெளிச்சுவர்களை நீக்கி, உள்ளே புழங்கும் இடத்தை மட்டும் அளந்தால் 900 சதுர அடி. அஞ்சலகத்தில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாரம் நிரப்புவதும் ரசீது பார்ப்பதும் எனக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும் என் சொந்த வீட்டின் பாலிசியை 2015 வரை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருடம் டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தது. விடிவதற்குள் ஹாலில் மார்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டு மாடியில் மூன்று நாள் இருந்தோம். இறங்கி வந்து பார்த்தால் பின்பக்கச் சுற்றுச்சுவர் விழுந்து கிடக்கிறது, கதவுகள் ஊதிப்போய்ச் சட்டத்தை விட்டு நிற்கின்றன, வயரிங் முழுக்கப் போய்விட்டது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கட்டில், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுப்புடவைகள், எதுவுமே தேறவில்லை.

வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியில் போட்டுக் கொடுத்த பாலிசி ஒன்று இருந்தது. இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். வீட்டைப் பழுது பார்க்க 2,40,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டார். அப்புறம்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. பாலிசியில் போட்டிருந்த தொகை, அப்போது பாக்கி இருந்த கடன் தொகையான 9 லட்சம். அதே வீட்டைத் திரும்பக் கட்ட 18 லட்சம் ஆகும். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே இழப்பிலும் பாதிதான் கிடைக்கும் என்றார். அந்தப் பாதியிலும் பிடித்தம் போகத்தான் பணம் வந்தது. வீட்டுப் பொருள்களுக்கு ஒரு ரூபாய் இல்லை, ஏனென்றால் பாலிசி கட்டடத்துக்கு மட்டும். வருடா வருடம் பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டிருக்கிறார். ஏன் குறைவு என்று நாங்கள் கேட்டதில்லை.

அன்றைக்கு நடந்தது அது. இந்த வருடம் நடந்தது இதற்கு நேர் எதிர். பாலிசி முடிய ஒரு மாதம் இருந்தபோது ஒரு ஏஜென்ட் தம்பி வந்தார். வீட்டின் மதிப்பு என்ன என்று கேட்டார். இங்கே விற்கும் விலைக்கு 85 லட்சம் போகும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் அதையே எழுதிக்கொண்டார். பொருள்களுக்கு 10 லட்சம். லட்சத்துக்கு 40 ரூபாய் வீதம் 3,800, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 684, ஆக 4,484 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. முதலில் எழுதிய 85 லட்சம்தான் தப்பு. அதில் பெரும்பகுதி மண்ணின் விலை. வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் மனை அங்கேயேதான் இருக்கும். எந்தக் கம்பெனியும் அதற்கு இழப்பீடு தராது.

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைக் கொண்டுவந்தது. ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ என்று பெயர். அதில் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகைக்குக் கணக்கு தெளிவாக இருக்கிறது: கார்பெட் ஏரியாவை, அதாவது வெளிச்சுவர் நீங்கலாக உள்ளே புழங்கும் பரப்பை, இன்றைக்குக் கட்ட ஆகும் செலவால் பெருக்க வேண்டும். எங்கள் தெருவில் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரியிடம் கேட்டேன். சதுர அடிக்கு 2,500 என்றார். 900 சதுர அடிக்கு 22,50,000 ரூபாய். இந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. எங்களுக்கு அது 4,50,000. மொத்தம் 27 லட்சம். அதே 40 ரூபாய் வீதத்தில் 1,080, வரியோடு 1,274 ரூபாய். சுற்றுச்சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, மாடியில் சோலார் பலகை இருந்தால் அதற்கு ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்லலாம். எங்கள் சுவர் ஒரு தடவை விழுந்தது என்பதால் அதை நான் சேர்க்கச் சொன்னேன். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் 4,484-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இப்படிச் சொல்வதால் தொகையைக் குறைத்துப் போடுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015இல் எங்களுக்குப் பாதியாக வெட்டினார்களே, அந்த முறை இந்தப் புதிய பாலிசியில் இல்லை. குறைவாகக் காப்பீடு செய்திருந்தாலும், எழுதிய தொகை வரை இழப்பை முழுதாகத் தர வேண்டும். ஆனால் எழுதிய தொகைக்கு மேல் தரமாட்டார்கள். வீடு முழுதாக இடிந்து 22 லட்சம் தேவைப்படும்போது கையில் 9 லட்சத்துக்கான பாலிசி இருந்தால் என்ன செய்வது? கட்டுமானச் செலவு வருடா வருடம் ஏறுகிறது. பல வருடத்துக்குச் சேர்த்து எடுத்தால் காப்பீட்டுத் தொகை வருடத்துக்கு 10 சதவீதம் தானாகக் கூடும், அதற்குத் தனிப் பிரீமியம் கிடையாது. பத்து வருடம் வரை எடுக்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஆனால் என்னிடம் வந்த மூன்று ஏஜென்ட்டுகளில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

தொகைக்கு அடுத்தபடி பிரீமியத்தை மாற்றுவது, கட்டடம் எதனால் ஆனது என்பது. கான்கிரீட் கூரைக்கு ஒரு வீதம், ஓலை, மூங்கில், தார்ப்பாய் போட்ட கூரைக்கு வேறு. எங்கள் மாடியில் துணி காயப்போட ஓலைக் கொட்டகை போட்டிருந்தோம். ஒரு கம்பெனியின் பாரத்தில் அதைத் தனியாகக் கேட்டார்கள். தீபாவளி ராக்கெட் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன், கேள்வி நியாயமானதுதான். பிரித்துவிட்டோம்.

அதே பாரத்தில், வீட்டுக்குள் முன்பு தண்ணீர் வந்திருக்கிறதா, எந்த ஆண்டு, ஏரியும் ஆறும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. 2007 வரை, வீட்டுக் காப்பீடும் அடங்கிய தீக் காப்பீட்டு வீதங்கள் நாடு முழுவதும் கட்டி வைத்த ஒரே பட்டியல். அதற்குப் பிறகு நிறுவனங்கள் தாங்களே வீதம் வைத்துக்கொள்கின்றன. அதனால் நாலு இடத்தில் கேட்டால் நாலு தொகை வரும். “இல்லை” என்று எழுதிவிடுங்கள் அக்கா, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நான் 2015 என்று எழுதினேன். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மறைத்துவிட்டு, இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டி நிராகரித்தால் நான் யாரிடம் போய் நிற்பேன்? எங்கள் பக்கம் வெள்ளமே வராது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று அந்த ஊர்க்காரர்கள் யார் நினைத்திருப்பார்கள்?

எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதில் இன்னொரு குழப்பம் திருட்டு. வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது பீரோவை உடைத்தால் இந்த பாலிசியில் கிடைக்காது. வெள்ளம், தீ போன்ற சம்பவம் நடந்து ஏழு நாளுக்குள் அதனால் ஏற்படும் திருட்டுக்குத்தான் கிடைக்கும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிக் காப்பீடு, அதற்குத் தனிப் பணம். நகைகளும் அப்படியே. 4,50,000-க்குள் நகை அடங்கிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். அதைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்த்தால்தான் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டடத்துக்குக் கட்டவே வேண்டாம், தங்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். தொகை மிகச் சிறியது. எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கும் ஆசிரியைக்கு இது தெரியவே தெரியாது.

ஐயா, உங்கள் வழியாக ஆணையத்துக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுப்பிக்கும்போது அனுப்பும் சீட்டில் கணக்கை விரித்து எழுதுங்கள். எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன செலவு எடுத்தீர்கள், பொருள்களுக்கு எவ்வளவு, கூடுதல் பாதுகாப்பு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, வரி எவ்வளவு என்று தமிழில் ஐந்தாறு வரி போதும். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகள் கடன் பாக்கியை அப்படியே காப்பீட்டுத் தொகையாக எழுதுவதை நிறுத்த வேண்டும்.

உங்கள் நாளிதழும் மழை எச்சரிக்கைப் பக்கத்தில் இதற்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். செப்டம்பரிலேயே வந்தால் இன்னும் நல்லது, புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஏஜென்ட்டைத் தேடி ஓட வேண்டியிருக்காது. எனக்கு வந்த இரண்டு சீட்டுகளையும் பெயர், பாலிசி எண்ணை மறைத்து நகல் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பிரசுரிக்க உதவுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
முடிச்சூர்